கடலில் நிற்கும் சாளை

பாய்ப்படகில் ஏறி விடுமுறை கழிப்பது எமது பரம்பரையினர் அறியாத ஒரு வழக்கம். கடல் என்றால் எமக்குத் தொழில், யுத்தகாலத்தில் தடை, அதன்பின் தப்பிச் செல்லும் பாதை. ஆகவே ஜேர்மனியில் வாழும் பல்கலைக்கழகத் தோழன் ஒருவன் 2023ஆம் ஆண்டு தொலைபேசியில் அழைத்து, "மச்சான், ஜூன் மாதம் சிசிலியிலை ஒரு கிழமை பாய்ப்படகு எடுத்திருக்கிறம், ஒரு இடம் மிச்சம் கிடக்கு, வா" என்றபோது, நான் உடனே மறுத்துவிட்டேன். எந்தக் கரையோரமாகப் போகிறீர்கள் என்று கேட்டேன். சிரக்கூசாவிலிருந்து தெற்கே, மார்சமேமி, போர்த்தோபாலோ என்று சொன்னான். அந்தக் கடைசிப் பெயரைக் கேட்டதும் வருவதாகச் சொன்னேன். காரணத்தை அவனுக்குச் சொல்லவில்லை.

படகில் நாம் ஐவர். நானும் தோழனும், அவனோடு வேலை செய்யும் ஜேர்மனியர் இருவர், படகைச் செலுத்திய கத்தானியா நகரத்து இளைஞர். வல்வெட்டித்துறையார் தண்டையல் என்பார்களே, அந்தப் பொறுப்பு அவருடையது. ஐவர் என்ற தொகை தற்செயலானது. ஆனாலும் இந்தக் கரையோரத்தில் உணவருந்துவோருக்கு அது மிகப் பழைய விதி என்பதைப் பின்னரே அறிந்தேன். கி.மு. நான்காம் நூற்றாண்டில் சிசிலியின் ஜேலா நகரில் ஆர்க்கெஸ்ட்ராடஸ் என்றொரு கிரேக்கப் புலவர் இருந்தார். மத்தியதரைக் கடலின் கரைகளில் எந்த மீன், எந்தத் துறையில், எந்தப் பருவத்தில் ருசியானது, அதனை எப்படிச் சமைக்க வேண்டும் என்பதைக் கவிதையாகவே எழுதி வைத்தவர். உணவைத் தேடிப் பயணம் செய்து எழுதியோரில் முதல்வர் அவரே என்றால் பெரும் பிழையில்லை. நூல் முழுமையாகக் கிடைக்கவில்லை. ஏறக்குறைய ஐந்து நூற்றாண்டுகளின் பின் அதெனேயஸ் என்பவர் தமது விருந்துரை நூலில் எடுத்தாண்ட துண்டுகளே எஞ்சியுள்ளன. ஒரு பந்தியில் மூவர் அல்லது நால்வர், மிஞ்சினால் ஐவர். அதற்குமேல் போனால் அது கொள்ளையடிக்க வந்த கூலிப்படையின் கூடாரம் என்பது அவர் கருத்து.

முதல் இரவு சிரக்கூசாவின் பெருந்துறைமுகத்தில் நங்கூரமிட்டோம். ஒர்த்தீஜியா என்ற பழைய நகரத் தீவில், சந்தைத் தெருவுக்கு அண்மையில் உண்ணச் சென்றோம். ஜேர்மனியர் ஒருவர் மீன் போட்ட பாஸ்தாவுக்குத் துருவிய சீஸ் கேட்டார். பரிசாரகரின் முகம் மாறியதைப் பார்த்திருக்க வேண்டும்! தம் தாயாரை யாரோ வைதுவிட்டதுபோல நின்றார். மீனும் சீஸும் சேரக்கூடாது என்பது இன்று இத்தாலிக் கரையோரத்தில் ஏறக்குறைய மதநம்பிக்கை. ஆனால் ஆர்க்கெஸ்ட்ராடஸ் நல்ல மீனைச் சமைக்கும்போது அருகே அண்டவிடக்கூடாது என்று எச்சரித்தது யாரைத் தெரியுமா? சிரக்கூசாக்காரரைத்தான். மீனின்மேல் சீஸைக் கொட்டி, வினாகிரியை ஊற்றி அதைப் பாழாக்கிவிடுவார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு. சாப்பாட்டில் மரபு என்று ஒருவர் அடித்துச் சொல்லும்போது, எந்த நூற்றாண்டின் மரபு என்று கேட்டுவைப்பது நல்லது.

படகுக்குத் திரும்பித் தளத்தில் படுத்திருந்தபோதுதான், எந்த நீரின்மேல் கிடக்கிறோம் என்ற எண்ணம் வந்தது. கலைப்பீடத்தில் கிரேக்க வரலாறு படித்த காலத்தில் மனனம் செய்த இடம் இது. கி.மு. 415இல் ஏதென்ஸ் நகரம் சிரக்கூசாவைப் பிடிக்கப் பெருங்கடற்படை ஒன்றை அனுப்பியது. கி.மு. 413இல் சிரக்கூசாவினர் இதே துறைமுகத்தின் வாயைக் கப்பல்களைக் குறுக்கே நிறுத்தி அடைத்தனர். உள்ளே அகப்பட்ட அந்தக் கடற்படை அழிந்தது. தரைவழியே தப்பியோடிப் பிடிபட்டவர்களில் ஏழாயிரத்துக்குக் குறையாதோர் நகரின் கற்குழிகளில் அடைக்கப்பட்டனர் என்று துசிடிடீஸ் எழுதியுள்ளார். ஆளொருவருக்கு நாளொன்றுக்குக் கொடுக்கப்பட்டதையும் அவர் அளவோடு குறித்துள்ளார். இன்றைய கணக்கில் ஏறத்தாழ கால் லீற்றர் நீர், அரை லீற்றர் அளவு தானியம். அக்காலத்தில் ஓர் அடிமைக்குக் கொடுக்கப்பட்ட பங்கீட்டின் பாதி அது. இறந்தவர்களின் உடல்கள் உயிரோடிருந்தவர்களின் மத்தியிலேயே குவிந்து கிடந்தன. எட்டு மாதம் அப்படி.

புளூட்டாக் இன்னொரு செய்தியைச் சேர்க்கிறார். சிசிலியருக்கு யூரிபிடீஸின் நாடகப் பாடல்களில் தீராத பிரியம். அவற்றை ஒப்புவிக்கத் தெரிந்த ஏதென்ஸ்காரருக்கு உணவும் நீரும் கிடைத்தன. சிலருக்கு விடுதலையும் கிடைத்தது. மறுநாள் காலை அந்தக் கற்குழிகளுள் ஒன்றைப் பார்க்கச் சென்றோம். இப்போது அது ஒரு தோட்டம். தோடையும் தேசியும் நிழல் தருகின்றன. வாசலில் பாதாம் பாலைச் சீனியோடு உறையவைத்துத் துருவி, பாணோடு கொடுக்கிறார்கள். வெயிலில் அது அமிர்தம்.

சிரக்கூசாவிலிருந்து மார்சமேமிக்கு இருபது கடல்மைலுக்குச் சற்று அதிகம். காற்று எமக்கு அனுகூலமாக இருந்தது. இயந்திரத்தை நிறுத்திப் பாயை விரித்ததும் எழும் அமைதியை எனக்கு விபரிக்கத் தெரியவில்லை. வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட அன்னபூரணி, 1938இல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது இந்த மத்தியதரைக் கடலைக் கடந்துதான் என்பதைத் தோழனுக்கு நினைவூட்டினேன். அவன் ஏற்கெனவே அதை ஜேர்மனியருக்குச் சொல்லி முடித்திருந்தான்.

மார்சமேமி என்பது அரபுப் பெயரின் திரிபு. புறாக்களின் துறை என்பர். ஒன்பதாம் நூற்றாண்டில் சிசிலியைக் கைப்பற்றிய அரபுக்கள் இந்தத் தீவின் சமையலறையை மாற்றியமைத்தார்கள். கரும்பு, புளித்தோடை, தேசி எல்லாம் அவர்களோடு வந்தவை. மார்க்கோ போலோ சீனத்திலிருந்து பாஸ்தாவைக் கொண்டுவந்தார் என்ற கதையை இன்னும் நம்புவோர் உளர். அவர் ஊர் திரும்பியது 1295இல். அதற்கு 141 வருடங்களுக்கு முன், 1154இல், நோர்மன் மன்னனின் அவையிலிருந்த அரபுப் புவியியலாளர் அல் இத்ரிசி, சிசிலியின் வடகரையில் திராபியா என்ற ஊரில் மாவை இழைகளாக்கி உலர்த்திக் கப்பல் கப்பலாக ஏற்றுமதி செய்கிறார்கள் என்று எழுதிவிட்டார்.

மார்சமேமியின் பெருமை சூரைமீன். நீலத்துடுப்புச் சூரை முட்டையிடுவதற்காக அத்திலாந்திக்கிலிருந்து இளவேனிற் காலத்தில் மத்தியதரைக் கடலுக்குள் வருவது. கரையோரமாகச் செல்லும் அந்த மீன்களின் வழியை மறித்து, அறை அறையாக வலைகளைக் கட்டி, ஒரு அறையிலிருந்து மற்றதற்குத் துரத்தி, மரண அறை என்று பெயரிட்ட கடைசி வலையைக் கைகளால் மேலே இழுத்து மீன்களைக் கொன்றார்கள். இதனை நடத்தியவருக்கு ராயிஸ் என்று பெயர். தலைவன் என்ற அரபுச் சொல். வலையை இழுப்போர் பாடிய அம்பாப் பாடல்களிலும் அரபுச் சொற்கள் உண்டு. சூரை வாடி இங்கே அரபுக்கள் காலத்திலேயே இருந்தது. பின்னர் நோத்தோ நகரப் பிரபுக் குடும்பமொன்று அதனைப் பெருப்பித்து நடத்தியது. தொழிலாளர் குடிசைகள் சுற்றிநிற்க, நடுவே பிரபுவின் மாளிகை.

இன்று அந்தக் குடிசைகள்தாம் உணவகங்கள். மாலையில் நீல மேசைகளும் நீலக் கதிரைகளும் முற்றம் நிறைய. சூரைமீன் சினையை உப்பிட்டு, அழுத்தி, உலர்த்திய பொத்தார்கா என்பதைப் பாஸ்தாவின்மேல் துருவித் தருகிறார்கள். நாம் சம்பலுக்கு மாசி இடிப்பதற்கும் இதற்கும் அதிக தூரமில்லை. விலையில்தான் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். தங்கத்தின் விலை கேட்பதுபோல் கிராமில் கேட்க வேண்டும். ஒரு காலத்தில் மீனின் நல்ல பகுதி வணிகருக்கும் பிரபுவுக்கும் போக, இதயம், குடல், விந்துப்பை என்று எஞ்சியவற்றை உப்பிட்டுத் தொழிலாளர் உண்டனர். அவைதாம் இப்போது கண்ணாடிப் பேழைக்குள் இருந்து விலை பேசுகின்றன.

அருகே பக்கீனோ என்ற ஊர். அதன் சிறிய குலைத் தக்காளியின் புகழ் இத்தாலி முழுவதும் பரவியது. ஐரோப்பிய ஒன்றியம் 2003இல் அதற்குப் புவியியற் குறியீட்டுப் பாதுகாப்பு வழங்கியது. பாட்டி காலத்து விதை என்றே ஜேர்மனியர் இருவரும் நினைத்துக்கொண்டனர். படகோட்டி சிரித்தார். அந்த விதையை 1989இல் கொண்டுவந்தது ஓர் இஸ்ரேலிய விதைக் கம்பனி. தக்காளியே அமெரிக்கக் கண்டத்திலிருந்து ஸ்பானியர் வழியாக வந்தது. இத்தாலியில் அச்சான சமையல் நூல்களுள் தக்காளிக் குழம்பு முதலில் தலைகாட்டுவது 1690களில், நாப்போலியில், ஸ்பானிய முறை என்ற பெயரோடுதான். எமது மிளகாய்க்கும் கிட்டத்தட்ட இதே கதை.

எனக்கு அந்த முற்றத்தில் பிடித்துப்போனது விலைப்பட்டியலில் எல்லாவற்றுக்கும் கீழே இருந்த ஒன்று. சாளைமீன், காட்டுப் பெருஞ்சீரகக் கீரை, உலர்ந்த திராட்சை, பைன் மரக்கொட்டை, குங்குமப்பூ சேர்த்துச் செய்யும் பாஸ்தா சிசிலியின் பெயர்பெற்ற உணவு. சாளை வாங்க வசதியில்லாத வீடுகளில் மற்றவற்றைப் போட்டு, மீனை மட்டும் விட்டுவிட்டுச் சமைத்தார்கள். சீஸ் வாங்கவும் காசில்லை. பழைய பாணைத் தூளாக்கி எண்ணெயில் வறுத்துத் தூவினார்கள். அந்தச் சமையலுக்கு அவர்கள் வைத்த பெயர், கடலில் நிற்கும் சாளை போட்ட பாஸ்தா. சாளை உண்டு, ஆனால் அது இன்னும் கடலிலேயே நிற்கிறது! வறுமையை இப்படிக் கேலி செய்யத் தெரிந்த சனங்கள்மேல் மரியாதை வராமல் என்ன செய்யும்? நான் அதையே வாங்கி உண்டேன். வறுத்த பாண்தூள் பல்லில் நறநறவென்றது.

மூன்றாம் நாள் பிற்பகல், பஸ்ஸேரோ முனையைச் சுற்றிப் போர்த்தோபாலோவை அடைந்தோம். தூனிஸ் நகரைவிடத் தெற்கே இருக்கிறது இந்த இத்தாலிய ஊர். முனைக்கு எதிரே ஒரு தீவும் பழைய கோட்டையும். துறைமுகத்தில் பாய்ப்படகுகள் சிலவே, இழுவைப்படகுகள்தாம் அதிகம். எங்கள் ஊரில் ரோலர் என்போம். காய்ந்த வலைகளின் வாசனையும் டீசல் வாசனையும் கலந்து மூக்கில் அடித்தபோது பருத்தித்துறைக்கோ குருநகருக்கோ வந்ததுபோல் இருந்தது.

1997 ஜனவரி முதல் வாரத்தில் நான் கொழும்பில் ஒரு பத்திரிகையின் இரவுக் கடமையில் இருந்தேன். உதவி ஆசிரியன், வேலை, வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்ப்பது. ரொய்ட்டர் செய்தி ஒன்று வந்தது. கிரேக்கத்தில் கரையிறக்கப்பட்ட குடியேறிகள், நத்தார் இரவு இத்தாலிக்கு அருகே தம்மோடு வந்த பல நூறு பேர் கடலில் மூழ்கிவிட்டனர் என்று பொலிஸாரிடம் கூறுகின்றனர். இந்தியர், பாகிஸ்தானியர், இலங்கைத் தமிழர். உடல்கள் எவையும் கிடைக்கவில்லை, அதிகாரிகள் உறுதிப்படுத்தவில்லை. நான் பதினான்கு வரி எழுதினேன். கடைசி நேரத்தில் விளம்பரம் ஒன்று வந்தது. ஒன்பது வரியாகக் குறைத்தேன். "உறுதிப்படுத்தப்படவில்லை" என்ற வரியை நீக்காமல் வைத்திருந்தேன்; அது தொழில் ஒழுக்கம் என்று நினைத்தேன். எங்களவர் எத்தனைபேர் என்ற வரி வெட்டுப்பட்ட ஐந்தில் போயிற்று.

மாசி மாதமளவில் வடமராட்சியைச் சேர்ந்த ஒரு தகப்பன் கந்தோருக்கு வந்தார். சட்டைப்பையில் மகனின் கடவுச்சீட்டுப் படம். பெடியன் இத்தாலியில் பிடிபட்டு மறியலில் இருக்கிறான் என்று முகவர் சொல்கிறாராம். அது உண்மையா என்று "பேப்பர்காரருக்குத்" தெரிந்திருக்கும் என்று நம்பி வந்திருந்தார். அப்படித்தான் இருக்கும் ஐயா என்று சொல்லி அனுப்பினேன்.

உண்மையில் நடந்தது பின்னர் வெளிவந்தது. 1996 டிசெம்பர் 25ஆம் திகதி நள்ளிரவை அண்டி, மோல்டாவுக்கும் சிசிலிக்கும் இடையே, யோஹான் என்ற பெரிய கப்பலிலிருந்து எஃப் 174 என்ற சிறிய மரப்படகுக்கு முந்நூறுக்கு மேற்பட்டோரை மாற்றினார்கள். கடல் கொந்தளித்தது. படகில் நீர் ஏறியது. உதவிக்கு அழைக்கப்பட்டுத் திரும்பிவந்த பெரிய கப்பல் மரப்படகில் மோதியது. குறைந்தது 283 பேர் இறந்தனர். இரண்டாம் உலகப்போருக்குப் பின் மத்தியதரைக் கடலில் அதுவரை அவ்வளவு பெரிய கடல் அனர்த்தம் நடந்ததில்லை என்று கூறப்பட்டது. கப்பலில் எஞ்சியோரைக் கிரேக்கத்தில் இறக்கிவிட்டுக் கப்பல் மறைந்தது. அவர்களின் வாக்குமூலத்தை இத்தாலியில் எவரும் நம்ப விரும்பவில்லை.

ஆனால் போர்த்தோபாலோ நம்பவேண்டிய அவசியம் இருக்கவில்லை. அதற்குத் தெரிந்திருந்தது. ஜனவரி முதலே இந்த ஊர் இழுவைப்படகுகளின் வலைகளில், மீனோடு மனித உடல்கள் வந்தன. கரைக்குக் கொண்டுவந்தால் விசாரணை; படகு முடக்கம்; தொழில்நாள் இழப்பு. உடல்களைத் திரும்பவும் கடலில் போட்டார்கள். மீனைக் கரைக்குக் கொண்டுவந்து விற்றார்கள். ஊர் நான்கு வருடம் வாய்மூடியிருந்தது.

வாயைத் திறக்க வைத்தது ஒரு பிளாஸ்ரிக் உறையிட்ட அட்டை. இலங்கைத் தேசிய அடையாள அட்டை. 17 வயதுத் தமிழ் இளைஞன் ஒருவனுடையது. வலையில் வந்த துணியில் இருந்தது. மீனவர் ஒருவர் அதனை 'லா ரிப்பப்ளிக்கா' பத்திரிகையின் ஜியோவன்னி மரியா பெல்லு என்ற செய்தியாளரிடம் சேர்த்தார். வலைகள் எந்த இடத்தில் சிக்குகின்றன என்பதையும் அந்த மீனவர் அறிந்திருந்தார். 2001 ஜூனில் ஆளில்லா நீர்மூழ்கிக் கமரா ஒன்று, போர்த்தோபாலோவிலிருந்து 19 மைல் தொலைவில், 108 மீற்றர் ஆழத்தில் அந்தப் படகைக் கண்டது. உள்ளே எலும்புகளும் உடைகளும் இருந்தன. நோபல் பரிசு பெற்ற இத்தாலியர் நால்வர் அதனை மேலே எடுக்குமாறு கோரினர். எடுக்கப்படவில்லை, இன்றும் அங்கேதான் கிடக்கிறது. அட்டையைக் கொடுத்த மீனவரை ஊரார் ஒதுக்கினர்.

ஊரார்மேல் கோபப்பட எனக்கு உரிமை உண்டா என்று நான் அதிகம் யோசித்ததுண்டு. எரிபொருள் கடன், தவணைக் கட்டணம், வீட்டில் பிள்ளைகள் என்று அவர்கள் சொன்ன காரணங்கள் எந்தக் கடற்றொழிலாளருக்கும் விளங்கும். விளம்பரம் வந்தது என்று நான் சொன்ன காரணம் அதைவிடச் சின்னது.

அன்றிரவு துறைமுகத்துக்கு மேலே, மேட்டில் ஓர் உணவகம். மேசை விரிப்பு வெள்ளை. மீன் உண்ணக்கூடாது என்ற முடிவோடுதான் ஏறினேன். பரிசாரகர், வயதானவர், அன்று பிடிபட்டவற்றைத் தட்டில் கொண்டுவந்து மேசைக்கு மேசை காட்டினார். செந்நிற இறால், பாரை, கணவாய். என்னிடம் நீங்கள் எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றேன். தட்டைப் பிடித்திருந்த கை ஒரு கணம் நின்றது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது. பின் அவர் இறாலின் விலையைச் சொன்னார்.

"என்ன மச்சான், ஒண்டும் சொல்லாமல் இருக்கிறாய்? சாப்பாடு பிடிக்கேல்லையோ?" என்றான் தோழன். அப்போதுதான் சொன்னேன். அவன் இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக ஐரோப்பாவில் வாழ்பவன். அவனுக்கு இது தெரியாது. படகோட்டிக்குத் தெரிந்திருந்தது. 2017இல் இத்தாலியத் தொலைக்காட்சியில் இதனை நாடகமாகப் போட்டார்கள், அம்மா பார்த்து அழுதார் என்றார். ஜேர்மனியர் இருவரும் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தனர். சிறிது நேரம் எவரும் பேசவில்லை. பிறகு மீன் வந்தது. ஒலிவ எண்ணெயும் தேசிப்புளியும் உப்பும் மட்டும். ஆர்க்கெஸ்ட்ராடஸ் குறைகூற முடியாத சமையல். நான் உண்டேன். நன்றாக இருந்தது.

விடிய ஐந்து மணிக்குப் புறப்பட்டோம். ரோலர்கள் திரும்பி வந்துகொண்டிருந்தன, பின்னால் கடற்பறவைகள். படகோட்டி என்னை அழைத்து, சுக்கானருகே இருந்த கடல்வரைபடத் திரையில் தென்திசையாக விரலை நகர்த்தி ஓர் இடத்தைக் காட்டினார். அங்கே எதுவும் குறிக்கப்பட்டிருக்கவில்லை. நூற்றுச் சொச்சம் என்ற ஆழக் கணக்குகள் மட்டும். படகை அவ்வளவு தூரம் கொண்டுசெல்ல வாடகை ஒப்பந்தத்தில் அனுமதி இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். தோழன் கீழே கோப்பி போட்டுக்கொண்டிருந்தான். பாயை ஏற்றி, வடக்கே திருப்பினோம்.